மஞ்சள் கரைசல் கிணற்றுத் தண்ணீரில் ஏன் சிவக்கவில்லை?

செட்டிகுளம் ரீச்சர் எழுதியது:

வணக்கம். வவுனியா மாவட்டத்தில், செட்டிகுளத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில் உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். கேள்வி ஒன்றுதான். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் உங்களுக்கும் விளங்காது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். சிரிப்பு வந்தால் முதலில் கை வாய்க்குப் போய்விடும். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டு. அவளுடைய தம்பிக்கும் அப்படித்தான். அதே ஒழுங்கையில் இருக்கிற இன்னும் சில பிள்ளைகளுக்கும் அப்படித்தான். எல்லா வீட்டுக்கும் ஒரே குழாய்க்கிணறு. மீள்குடியேறி வந்த புதிதில் அடித்துத் தந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், உவர்ப்பும் இல்லை. குடிக்கிற தண்ணீரில் புளோரைட்டு கூடினால்தான் வளர்கிற பற்களில் இப்படிக் கறை விழும். அடித்துத் தந்தவர்கள் அப்போது புளோரைட்டு பார்த்தார்களா என்று ஊரில் கேட்டேன். யாருக்கும் தெரியாது, ஒருவர் கையிலும் ஒரு தாள் இல்லை. பல வருடமாகப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் போன மாணவன் ஒருவன் லீவில் வந்தான். சின்ன மூடிக்குழாய் ஒன்றில் நாலைந்து அரிசிமணி அளவு மஞ்சள் தூள் கொண்டுவந்து தந்தான். இரண்டு பக்கமும் நைத்திரோபீனைல் கூட்டம் உள்ள தயோயூரியா. 'புளோரைட்டைக் கண்டால் நிறம் மாறும் ரீச்சர்' என்றான். அதை டிஎம்எஸ்ஓ என்ற சேதனக் கரைப்பானில் கரைத்து, அதற்குள் ரெற்றாபியூற்றைல் அமோனியம் புளோரைட்டு என்ற உப்பின் கரைசல் ஒரு துளி விட்டோம். குழாயை ஆட்டக்கூட இல்லை, துளி விழுந்த இடத்திலிருந்தே வெற்றிலைச் சிவப்பு சுருண்டு சுருண்டு இறங்கியது. ஆய்வுகூடத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் 'ஆ' என்றார்கள்.

சரி, இனிக் கிணற்றைப் பார்ப்போம் என்று அந்தக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரை இன்னொரு குழாயில் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. பிறகு சிவந்திருந்த முதல் குழாயிலும் பத்துத் துளி விட்டுப் பார்த்தேன். கலக்கக் கலக்கச் சிவப்புப் போய் மஞ்சள் திரும்பி வந்துவிட்டது. கொஞ்சம் கலங்கலும் கண்டது.

கிணற்றில் புளோரைட்டு இல்லை என்று இதை எடுக்கலாமா? அந்தப் பிள்ளையின் பல்லைப் பார்த்த பிறகு அப்படி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்முன் சிவந்தது ஏன் தண்ணீர் பட்டதும் மறைந்தது என்று வகுப்பில் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.


நிறமாலை எழுதியது:

ரீச்சர், அப்படி எடுக்கவே வேண்டாம். உங்கள் கிணறு பற்றி அந்தக் குழாய் ஒன்றுமே சொல்லவில்லை. நான் அன்னயன் உணரிகளில்தான், அதாவது மறை ஏற்றமுள்ள அயன்களைக் காட்டித் தருகிற மூலக்கூறுகளில்தான் ஆய்வு செய்கிறேன். நீங்கள் பார்த்தது இந்தத் துறையில் எல்லாரும் முட்டுகிற முதல் சுவர்.

தயோயூரியாவில் கந்தகம் பிணைந்த காபனுக்கு இரு பக்கமும் நைதரசன்–ஐதரசன் பிணைப்பு ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் பார்த்து, இடுக்கி போல நிற்கும். அன்னயன் ஒன்று வந்தால் அந்த இரண்டு ஐதரசனும் அதைப் பிடிக்கும். புளோரைட்டு மிகச் சிறிய அயன், ஏற்றம் முழுவதும் ஒரு சின்ன இடத்தில் செறிந்திருக்கிறது. அதனால் ஐதரசனை அது இழுக்கிற இழுவை பெரிது. இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்தில் லூய்ஜி ஃபப்ரிற்சி குழுவினர் 2004இல் யூரியா உணரி ஒன்றில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். முதலாவது புளோரைட்டு வந்து ஐதரசன் பிணைப்பால் ஒட்டும். இரண்டாவது வந்ததும் புரோத்தன் ஒன்று கழன்றுவிடும், ஒரு ஐதரசனை இரண்டு புளோரைட்டு நடுவில் பிடித்து வைத்திருக்கும். உணரி மறை ஏற்றத்தோடு மிஞ்சும். அந்த ஏற்றம் நைத்திரோக் கூட்டத்தை நோக்கி ஓடும்போது மூலக்கூறு உறிஞ்சுகிற ஒளி நீளமான அலைக்கு நகர்கிறது. முன்பு ஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சி மஞ்சளாகத் தெரிந்தது, இப்போது நீலப்பச்சைப் பக்கம் உறிஞ்சிச் சிவப்பாகத் தெரிகிறது.

அதாவது உங்கள் சிவப்பு பெரும்பாலும் 'புளோரைட்டு வந்தது' என்பதன் சிவப்பு அல்ல, 'புரோத்தன் போனது' என்பதன் சிவப்பு. நம்ப ஒரு சின்ன வேலை செய்யுங்கள். டிஎம்எஸ்ஓ கரைசலில் புளோரைட்டுக்குப் பதிலாக ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விடுங்கள். அசற்றேற்று அயனுக்கும் இந்த வகை உணரிகள் பல நிறம் மாறும்.

இனித் தண்ணீர். 1 லீற்றரில் 1 மில்லிகிராம் புளோரைட்டு என்றால் ஒவ்வொரு புளோரைட்டு அயனுக்கும் ஏறக்குறைய 10 இலட்சம் நீர் மூலக்கூறுகள். கணக்கை வகுப்பில் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. அந்த 10 இலட்சமும் ஐதரசன் பிணைப்புக் கொடுக்கக்கூடியவை. ஒற்றை ஏற்ற அன்னயன்களில் புளோரைட்டைப் போல நீரோடு இறுக்கமாக ஒட்டுகிறவை மிகக் குறைவு. அந்தச் சுற்றை உடைத்துக்கொண்டு அது உங்கள் தயோயூரியாவிடம் வராது. வந்து ஒட்டியிருந்ததையும் பத்துத் துளித் தண்ணீர் பிரித்து எடுத்தது, கழன்ற புரோத்தனையும் திருப்பிக் கொடுத்தது. கலங்கல் வந்தது தூள் நீரில் கரையாததால். போதாததற்கு, நீங்கள் விட்ட அமோனியம் உப்பின் செறிவு கிணற்றில் இருக்கக்கூடியதை விட மிக மிக அதிகம்.

நீரில் வேலை செய்ய வேண்டுமென்றால் ஐதரசன் பிணைப்பை மட்டும் நம்ப முடியாது. புளோரைட்டு விட்டுக்கொடுக்காத மூலகம் ஒன்று வேண்டும். போரன், சிலிக்கன், சேர்க்கோனியம் போன்றவை. சிலிக்கன் வழியில் சாயத்தின் ஒட்சிசனைச் சிலிக்கனால் மூடி வைப்பார்கள். புளோரைட்டு வந்து சிலிக்கனைப் பறித்துக்கொண்டு போனதும் சாயம் வெளிப்படும். அழகான வழி, ஆனால் மெதுவானது, ஒரு தடவைக்கு மேல் உதவாது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குச் சேர்க்கோனியந்தான் சரி. அதைக் கையால் செய்தவர்கள் யாராவது எழுதினால் என்னை விட நன்றாகச் சொல்வார்கள்.


சாயவேர் எழுதியது:

நான் தண்ணீர் பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், ஊர் மன்னார். தம்பி நிறமாலை சொன்னது சரி. ரீச்சர், உங்களுக்கு வேண்டியது சேர்க்கோனியமும் அலிசரின் சிவப்பும். பல்கலைக்கழகப் பிள்ளையிடமே கேளுங்கள். எலும்பைச் சிவப்பாக்கிப் பார்க்க விலங்கியல் துறையில் இதே சாயத்தைத்தான் வைத்திருப்பார்கள்.

என் பெயரை ஏன் சாயவேர் என்று போட்டேன் என்றால், அலிசரின் நம் மண்ணுக்குப் புதிது அல்ல. மன்னாரிலும் தீவுகளிலும் சாயவேர் கிண்டி எடுத்ததை ஒல்லாந்தர் காலத்துக் கதையாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வேரில் இருக்கிற சிவப்பு அலிசரின்தான். வேரை அவித்த தண்ணீரில் துணியை வெறுமனே முக்கினால் சாயம் நிற்காது. முதலில் படிகாரம் ஏற்ற வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடிக்கும், அப்போதுதான் சிவப்பு வரும். உலோகம் பிடித்தால் சிவப்பு, விட்டால் மஞ்சள். இந்தப் பரிசோதனையும் அதே சங்கதிதான். சேர்க்கோனியம் அலிசரினைப் பிடித்துக்கொண்டு இளஞ்சிவப்பாக நிற்கும். புளோரைட்டு வந்தால் சேர்க்கோனியம் சாயத்தை விட்டுவிட்டு அதோடு போய்விடும். தனித்துப் போன சாயம் அமிலத்தில் மஞ்சள். கரைசல் முழுக்க நீரும் அமிலமுந்தான், அதைப் பற்றிச் சேர்க்கோனியத்துக்குக் கவலை இல்லை.

செய்கிறபோது கவனிக்க வேண்டியவற்றை எழுதுகிறேன், நான் பிழை விட்டுப் படித்தவை.

நியமக் கரைசல்தான், அதாவது செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்தான் உயிர். உங்கள் தராசு இரண்டு தசமம் மட்டும் காட்டும் என்றால் சோடியம் புளோரைட்டு 2.21 கிராம் நிறுத்து 1 லீற்றர் ஆக்குங்கள், லீற்றருக்கு 1000 மில்லிகிராம் புளோரைட்டு வரும். அதிலிருந்து படிப்படியாக ஐதாக்கி 0, 0.5, 1, 1.5, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உப்பு நஞ்சு, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கரைசலைப் பூட்டி வையுங்கள். மாதிரியும் நியமமும் பிளாஸ்ரிக் போத்தலில் இருக்கட்டும், கண்ணாடியில் நாட்கணக்கில் வைக்க வேண்டாம். 100 மில்லிலீற்றர் மாதிரிக்கு 5 மில்லிலீற்றர் சாயக்கரைசல் என்ற விகிதம். போட்டவுடன் பார்க்காதீர்கள், ஒரு மணித்தியாலம் விடுங்கள். வெயிலில் சைக்கிளில் கொண்டுவந்த தண்ணீரையும் அலுமாரியில் குளிர்ந்து நின்ற நியமத்தையும் பக்கத்தில் வைத்தால் பிழைக்கும். எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

இனி, கண்ணை ஏமாற்றுகிற விஷயங்கள். சல்பேற்றும் பொசுபேற்றும் சேர்க்கோனியத்தைத் தாங்களும் பிடிக்கும், அதனால் புளோரைட்டு இருப்பதை விட அதிகமாகத் தெரியும். அலுமினியம் இருந்தால் அது புளோரைட்டை மறைத்து வைக்கும், குறைத்துக் காட்டும். செட்டிகுளம் பக்கத்துக் கருங்கல் தண்ணீரில் இருகாபனேற்று இருக்கும், அது அமிலத்தைத் தின்று இன்னும் குறைத்துக் காட்டும். கிணற்றுக்குக் குளோரின் போட்ட உடன் மாதிரி எடுத்தால் குளோரின் சாயத்தையே வெளிறச் செய்துவிடும். அதைப் போக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேற்று) போடலாம் என்று யோசிக்காதீர்கள், அமிலத்தில் கந்தகம் பிரிந்து பால் போலாகும். சில நாள் பொறுத்து எடுங்கள்.

ஒரு வேண்டுகோள். 'நல்ல தண்ணீர்' என்ற சொல்லை இந்தக் குழாயை மட்டும் பார்த்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். 'சந்தேகம்' என்று சொல்ல இது போதும். எண் வேண்டுமென்றால் மின்வாய் வேண்டும். இலந்தனம் புளோரைட்டுப் பளிங்கு வைத்த மின்வாய், 1966இல் வந்தது. அந்தப் பளிங்குக்குள்ளே நகரக்கூடியது புளோரைட்டு மட்டுந்தான் என்பதால் அதை ஏமாற்றுவது கஷ்டம்.


செட்டிகுளம் ரீச்சர் எழுதியது:

நிறமாலைக்கும் ஐயாவுக்கும் மிகவும் நன்றி. சோடியம் ஐதரொட்சைட்டு விட்டுப் பார்த்தேன். அதே சிவப்பு! பக்கத்தில் வைத்தால் எது புளோரைட்டுக் குழாய் எது காரக் குழாய் என்று எனக்கே சொல்ல முடியவில்லை. அன்றைக்கு 'ஆ' என்ற பிள்ளைகளை மறுபடி கூட்டிக் காட்டினேன். ஒருத்தி கேட்டாள், 'அப்ப ரீச்சர், நிறம் பொய் சொல்லுமா?' நிறம் மாறியது உண்மை, நாங்கள் அதற்கு வைத்த பெயர்தான் பிழை என்று சொன்னேன். அந்தப் பாடம் எனக்கும் சேர்த்துத்தான்.

சேர்க்கோனியம் உப்பும் சாயமும் மாணவன் பஸ்ஸில் அனுப்புகிறேன் என்றிருக்கிறான். வந்ததும் செய்துவிட்டு எழுதுகிறேன்.


நெடுங்கேணி அம்மா எழுதியது:

நான் இரசாயனம் படித்தவள் இல்லை, ஆனால் வாசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டிலும் குழாய்க்கிணறுதான். சின்னவனுக்கு நாலு வயது. கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் கொடுக்கிறேன். அது போதாதா?


சாயவேர் எழுதியது:

பிள்ளை, கொதிக்க வைப்பது கிருமிக்கு நல்லது, அதை விடாதீங்கோ. புளோரைட்டு ஆவியாகிப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. எங்கள் வெயிலில் குடிக்கிற அளவு கூட, அதனால் இலங்கைத் தரத்தில் 1தான். உங்கள் சின்னவனுடைய வயதுதான் முக்கியமான வயது. நிலையான பற்கள் முரசுக்குள்ளே உருவாகிற காலம் ஏறக்குறைய எட்டு வயது வரை. பல்லின் மேல் ஓடான மிளிரியில் வருகிற கறை அப்போதுதான் வருகிறது, வளர்ந்த பிறகு குடித்தால் பல்லில் புதிதாக வராது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி மாதிரி அனுப்புங்கோ. அதுவரை மழைத்தண்ணீர் பிடித்து வைக்க வசதி இருந்தால் பிள்ளைக்கு அதைக் கொடுக்கலாம்.

செங்கல் துண்டு போட்ட வடிகட்டி ஒன்று இலங்கையில் கிராம வீடுகளுக்காகவே செய்திருக்கிறார்கள். புதிதாகச் சுட்ட செங்கல்லை உடைத்துப் போடுவது, தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி வரும். வேலை செய்யும். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கல்லை மாற்றாவிட்டால் வெறும் கல்தான். எப்போது மாற்றுவது என்று தெரிய மறுபடி பரிசோதனை வேண்டும்.


செட்டிகுளம் ரீச்சர் எழுதியது:

செய்துவிட்டோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஆய்வுகூடக் கதவை முழுக்கத் திறந்துவைத்து, மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, ஐந்து நியமக் குழாய்களையும் வரிசையாக நிறுத்தினேன். ஒரு மணித்தியாலம் காத்திருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய சோதனை. முதல் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருந்தது, 'இதுவும் வேலை செய்யவில்லை' என்று எனக்கும் வயிறு கலங்கியது. அப்புறம் மெல்ல மெல்லப் பிரிந்தது. 0 போட்ட குழாய் றோசாப்பூ நிறம். 0.5 அதிலும் வெளிறல். 1 பழுத்த பப்பாளிச் சதை நிறம். 2 எலுமிச்சம் சாறு. 0க்கும் 1க்கும் நடுவில் கண் நன்றாகப் பிரிக்கிறது. 1.5ஐயும் 2ஐயும் பிரிக்கக் கஷ்டப்பட்டோம்.

ஒரு மாணவன் திரும்பத் திரும்ப வரிசையை மாற்றி அடுக்கினான். கவனக்குறைவு என்று முதலில் கடிந்துகொண்டேன். பிறகுதான் விளங்கியது, இளஞ்சிவப்பும் மஞ்சளும் அவனுக்கு நாங்கள் பார்ப்பது போலத் தெரியவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதிரியையும் மூன்று பேர், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காமல், தாளில் எழுதித் தர வேண்டும் என்று வைத்தோம். குழாயில் எண் மட்டும் ஒட்டியது அவன். எந்தக் கிணறு எது என்பது அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.

ஒழுங்கைக் குழாய்க்கிணறு மூன்று பேருக்கும் 2இன் நிறம், அல்லது அதைத் தாண்டியது. அதோடு நின்றால் எவ்வளவு தாண்டியது என்று தெரியாதே. சமபங்கு காய்ச்சிவடித்த நீர் கலந்து மறுபடி செய்தோம். இப்போது 1க்கும் 1.5க்கும் நடுவில் வந்தது. அப்படியென்றால் கிணற்றில் 2க்கும் 3க்கும் இடையில். ஐயா சொன்ன இருகாபனேற்றை நினைத்தால் உண்மையில் இன்னும் கூட இருக்கலாம். சல்பேற்றுக்காகப் பேரியம் குளோரைட்டும் விட்டுப் பார்த்தேன், மிக மெல்லிய கலங்கல்தான், அதனால் இந்த மஞ்சளைச் சல்பேற்றின் தலையில் போட முடியாது என்று நினைக்கிறேன். கோவில் வெட்டுக்கிணறு 0.5இன் பக்கம் நின்றது. ஒரே ஊர், இரண்டுக்கும் நடந்து போகிற தூரந்தான்.


நிறமாலை எழுதியது:

ஐதாக்கிப் பார்த்தது மிகச் சரியான வேலை ரீச்சர். அளவுகோலின் முடிவில் நிற்கிற நிறத்தை நம்பக்கூடாது, நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கிணறுகளின் வித்தியாசமும் எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆழத்துக் கருங்கல் வெடிப்புக்குள் நீண்ட காலம் நிற்கிற நீர் அங்குள்ள கருமைக்கா, அப்பற்றைற்று போன்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டை எடுத்துக்கொள்கிறது. நீரில் கல்சியம் குறைவாக இருந்தால் அதைப் படிய வைக்கவும் ஆள் இல்லை. வெட்டுக்கிணற்றில் இருப்பது பெரும்பாலும் அண்மையில் இறங்கிய மழை. ஆனால் அதற்கு வேறு கவலை உண்டு, மலசலகூடமும் தோட்டப் பசளையும் எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். நைத்திரைற்றுக்குக் கிறீஸ் (Griess) என்ற இரசாயனவியலாளரின் பரிசோதனை செய்யலாம், 1879இலிருந்து இருக்கிற இளஞ்சிவப்பு. நைத்திரேற்று என்றால் முதலில் நாகத் (சிங்க்) தூளால் தாழ்த்த வேண்டும்.


செட்டிகுளம் ரீச்சர் எழுதியது:

பசளை போடுகிற தோட்டம் கோவில் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருக்கிறது, நைத்திரேற்றும் கட்டாயம் பார்க்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் அந்த ஒழுங்கைக்குப் போனேன். குழாய்களைக் கொண்டுபோகவில்லை, நிறம் மங்கிவிடும் என்று படம் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளையின் அம்மம்மா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, 'அப்ப குடிக்கிறதோ விடுறதோ, அதைச் சொல்லு பிள்ளை' என்றார். ஆய்வுகூட எண் வரும்வரை முடிவாக ஒன்றும் சொல்ல முடியாது அம்மா, ஆனால் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் குடிக்கவும் கஞ்சி, சோறு காய்ச்சவும் கோவில் கிணற்றில் அள்ளுங்கோ, கொதிக்க வைத்துக் கொடுங்கோ, குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் குழாய்க்கிணறு பரவாயில்லை என்று சொன்னேன். ஐயா, இதில் பிழை இருந்தால் உடனே எழுதுங்கள், நாளைக்கே போய்த் திருத்திச் சொல்கிறேன்.

பரிசோதகரிடம் இரண்டு பிளாஸ்ரிக் போத்தல் கொடுத்தாயிற்று. மின்வாயால் பார்க்க வேண்டும் என்று தாளிலும் எழுதி ஒட்டினேன். மழை பெய்து நிலத்தடி நீர் ஏறிய பிறகு மார்கழியில் மறுபடி எடுப்போம்.

நான் கிளம்பும்போது அந்தப் பிள்ளை படலை வரை வந்தாள். 'ரீச்சர், எனக்கு இது போகாதுதானே' என்று கேட்டாள். பல் வைத்தியரிடம் போனால் கறையை மறைக்க வழி இருக்கிறது, தானாகப் போகாது என்று உண்மையைச் சொன்னேன். அவளுக்கு ஒரு தங்கச்சியும் இருக்கிறாள், மூன்று வயது. இன்று காலை பள்ளிக்கூடம் வருகிற வழியில் பார்த்தேன், அக்காவும் தம்பியும் கோவில் கிணற்றடியில் தங்கச்சிக்கென்று தனியாக ஒரு சின்னக் குடத்தில் அள்ளிக்கொண்டு நின்றார்கள்.


சாயவேர் எழுதியது:

புளோரைட்டைப் பொறுத்தவரை பிழை இல்லை ரீச்சர். ஆனால் நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது, கோவில் கிணற்றை அதற்கும் பார்க்கும்வரை கைக்குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எண் வந்ததும் இங்கே போடுங்கள், உங்கள் மூன்று பேரின் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.